பிள்ளைகளின் மேற்படிப்பும் அருகிலுள்ள அரசினர் கல்லூரியும்

மே மாதத்தில் மேல்நிலைத் தேர்வின் முடிவு வெளிவந்துவிட்டால், நம் கிராமக் கடன் சங்கங்களின் நகைக்கடன் மேசையருகே கூட்டம் மிகுந்துவிடும். கலியாணச் செலவுக்காக வந்தோரை நீக்கிப் பார்த்தால் எஞ்சியவருள் பெரும்பாலோர் கல்லூரிக் கட்டணத்திற்காக வந்தவர்களே. மஞ்சள் விற்ற பணம் உரக் கடனுக்குப் போயிற்று; நெய்த கூலி அன்றாடச் செலவுக்குப் போயிற்று; கழுத்தில் கிடப்பது பிள்ளையின் படிப்புக்குப் போகிறது. பிள்ளைகளைப் படிக்கவைக்க வேண்டும் என்பதில் நம் அங்கத்தினர்களிடையே இன்று இரண்டு கருத்து இல்லை. எங்கே படிக்கவைப்பது, எதைப் படிக்கவைப்பது என்பதில்தான் குழப்பம்.

சென்னிமலைப் பக்கத்துக் கைத்தறி அங்கத்தினர் ஒருவர் இக்கட்டுரைக்குக் காரணமானவர். போர்வை நெய்பவர். அவருடைய மகள் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் பயின்று நல்ல மதிப்பெண் பெற்றாள். கல்லூரியில் சரித்திரம் படிக்க வேண்டும் என்பது அவள் விருப்பம். உறவினர் ஒருவர் தொலைவிலுள்ள ஒரு தனியார் கல்லூரியைச் சொல்லி, வணிகவியலில் சேர்த்துவிடும்படி வற்புறுத்திக்கொண்டிருந்தார். முதல் தவணை கட்டுவதற்காக மனைவியின் சங்கிலியை எடுத்துக்கொண்டு வந்த அங்கத்தினர், எம்மைக் கண்டதும், “ஏனுங்க, எந்த ராஜா எந்த வருஷம் செத்தான்னு மனப்பாடம் பண்ணி என்னங்க ஆகப்போகுது? நீங்களே சொல்லுங்க” என்றார். அவரோடு அன்று பேசியவற்றையும், பின்னர் சில கல்லூரிகளை நேரில் பார்த்து அறிந்தவற்றையும் மற்ற அங்கத்தினர்களுக்கும் பயன்படும் என்று கருதி இங்கே எழுதுகிறோம்.

தமிழ்நாட்டில் இன்று 160-க்கும் மேற்பட்ட அரசினர் கலை அறிவியல் கல்லூரிகள் உள்ளன. இவற்றுள் பல, நெசவாளரும் விவசாயிகளும் வாழும் சிற்றூர்களை ஒட்டியே இருப்பதை நாம் கவனிப்பதில்லை. திருபுவனத்துப் பட்டு நெசவாளர்க்குக் கும்பகோணம் பக்கம். அங்கே மகளிர்க்கென்றும் தனிக் கல்லூரி உண்டு. காஞ்சிபுரம், ஆரணிப் பகுதியினர்க்குச் செய்யாற்றில் அறிஞர் அண்ணா அரசினர் கல்லூரி. பரமக்குடி நெசவாளர்க்கு அவர்கள் ஊரிலேயே கல்லூரி. சென்னிமலையினர்க்குக் காங்கேயமும் திருப்பூரும் பஸ்ஸில் எட்டும் தூரந்தான். திருப்பூர்ச் சிக்கண்ணா கல்லூரியும், மகளிர்க்கான எல்.ஆர்.ஜி. கல்லூரியும் பனியன் கம்பெனிகளின் இரைச்சலுக்கு நடுவே அரசினர் கல்லூரிகளாக நடந்து வருகின்றன. ‘கவர்ன்மெண்டுக் காலேஜா?’ என்று உதட்டைப் பிதுக்குவோர் அக்கல்லூரிகளின் வாயிலைத் தாண்டி உள்ளே சென்றிருப்பார்களா என்பது ஐயமே.

கும்பகோணம் கல்லூரி 1854-இல் பள்ளியாகத் தொடங்கிப் பின் கல்லூரியாக வளர்ந்தது. தென்னாட்டுக் கேம்பிரிட்ஜ் என்று பெயர் வாங்கியது. கணித மேதை இராமானுஜன் 1904-இல் அங்கே உபகாரச் சம்பளம் பெற்றுச் சேர்ந்தார். அவருடைய தந்தையார் அவ்வூரில் ஒரு சேலைக் கடையில் கணக்கராக இருந்தவர் என்பது நம் நெசவாளர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி. ஆனால் அக்கதையின் பிற்பகுதியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கணிதம் ஒன்றிலேயே மூழ்கி மற்றப் பாடங்களைக் கைவிட்டதால் தேர்வில் தவறினார். உபகாரச் சம்பளம் நின்றது. 1905-இல் கல்லூரியை விட்டே அகன்றார். இன்றும் நம் கல்லூரிகளில் முதல் இரண்டு ஆண்டு தமிழும் ஆங்கிலமும் எல்லோர்க்கும் பொதுவான பாடங்கள். சரித்திரத்திலும் பௌதிகத்திலும் முதல் மாணாக்கராக இருந்துகொண்டு ஆங்கிலத் தாள் ஒன்று தேறாமல் பட்டம் நின்றுபோனவர்களை நாம் அறிவோம். இராமானுஜனுக்குக் கைகொடுக்க ஒரு ஹார்டி இருந்தார். எல்லோர்க்கும் அப்படி வாய்ப்பதில்லை.

இனிப் பணக் கணக்கைப் பார்ப்போம். அரசினர் கல்லூரிகளில் இளநிலை வகுப்புகளுக்குக் கற்பிப்புக் கட்டணம் இல்லை. சிறப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம் முதலியன உண்டு. அவை ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாயில் அடங்கும். தனியார் கல்லூரி ஒன்றில் ஆண்டுக்கு 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூன்று ஆண்டுக்கு 1,80,000. கல்லூரிப் பஸ்ஸும் விடுதியும் இதில் சேரவில்லை. நகைக் கடனின் வட்டியும் சேரவில்லை. இத்தொகை இருந்தால், பட்டம் முடித்த பின் முதுகலைக்கோ ஆசிரியப் பயிற்சிக்கோ போட்டித் தேர்வுக்கோ இரண்டு மூன்று ஆண்டு பிள்ளையைத் தாங்கலாம். சரித்திரமும் விஞ்ஞானமும் படிப்போர்க்கு உண்மையான செலவு பட்டத்திற்குப் பின்னரே வருகிறது. முதல் மூன்று ஆண்டிலேயே நகை முழுவதும் போய்விட்டால், பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளை கிடைத்த வேலைக்குப் போக வேண்டியதுதான். இதனை அந்த அங்கத்தினரிடம் சொன்னபோது அவர் சங்கிலியைத் திரும்பக் காகிதத்தில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பயின்ற பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் அளிக்கும் புதுமைப் பெண் திட்டம் 2022-இலும், ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-இலும் தொடங்கப்பட்டன. 2021 முதல் சாதாரண நகரப் பஸ்களில் மகளிர்க்குக் கட்டணம் இல்லை. வெளியூரில் தங்க நேர்ந்தால் அரசின் நல விடுதிகளைப் பற்றி முன்னதாகவே விசாரித்தல் நலம்.

பணம் மிச்சமாகிறது என்பதற்காகப் படிப்பைக் குறைத்துக்கொள்வது அறிவுடைமை ஆகாது. ஆகையால் சிறிய கல்லூரியில் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதை நன்றாக ஆராய வேண்டும்.

விஞ்ஞானப் பாடம் கையால் கற்பது. நெசவைப் புத்தகத்தில் படித்து நெய்யக் கற்றவர் யாரும் இல்லை. அச்சில் இழை பிணைத்து, அறுந்ததை முடிந்து, பாவு இளகுவதும் இறுகுவதும் விரல் நுனிக்குத் தெரிந்த பின்னரே தறி வசப்படுகிறது. இரசாயனமும் அத்தகையதே. ஒரு கருவியைச் சுற்றி ஐந்து பேர் நின்று, ஒருவர் செய்ய நால்வர் குறித்துக்கொள்ளும் ஆய்வுக்கூடத்தில் அந்த நால்வரும் கற்பது எழுத்து வேலைதான். சிறிய கல்லூரியில் பௌதிக வகுப்பில் ஆட்கள் குறைவு. வணிகவியலுக்கும் கணினி இயலுக்கும் முட்டி மோதும் கூட்டம் பௌதிகத்தின் பக்கம் வருவதில்லை. ஆகவே கருவிகள் இருக்குமானால், பிள்ளையின் கைக்கு அவை வரும். ஆசிரியர் மாணாக்கரைப் பெயர் சொல்லி அழைப்பார். இது சிறு விஷயம் அன்று. இந்திய விஞ்ஞான அகாதெமிகள் மூன்றும் சேர்ந்து கல்லூரி மாணாக்கர்க்கென்று கோடைக்கால ஆராய்ச்சி உதவி நடத்துகின்றன. நாட்டின் பெரிய ஆய்வுக்கூடங்களில் இரண்டு மாதம் தங்கி வேலை கற்கலாம். அதற்கு ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். முகம் தெரியாத மாணாக்கனுக்கு எந்த ஆசிரியரும் மனமுவந்து எழுதமாட்டார். மேலும், ஐ.ஐ.டி.களில் முதுநிலை விஞ்ஞானம் படிப்பதற்கான ‘ஜாம்’ என்னும் நுழைவுத் தேர்வு, எந்தக் கல்லூரியில் பட்டம் பெற்றாய் என்று கேட்பதில்லை. வினாத்தாளுக்கு விடை தெரிகிறதா என்றுதான் கேட்கிறது. இத்தேர்வைப் பற்றி நம் கிராமத்துப் பிள்ளைகள் மூன்றாம் ஆண்டின் இறுதியில் கேள்விப்படுகிறார்கள். முதலாம் ஆண்டிலேயே சொல்லும் ஆசிரியர் ஒருவர் துறையில் இருந்தால், அக்கல்லூரியில் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கலாம்.

ஆனால் ‘கருவிகள் இருக்குமானால்’ என்று சொன்னோமே, அதைக் கண்ணைத் திறந்துதான் பார்க்க வேண்டும். நாம் சென்று பார்த்த கல்லூரி ஒன்றில் இரசாயனத் தராசு கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது. சாவி யாரிடம் என்று கேட்டோம், பதில் வரவில்லை. வேறொரு கல்லூரியில் கட்டடம் பழையது, சுண்ணாம்பு உதிர்கிறது. ஆயினும் மேசைதோறும் பிள்ளைகள் நின்று வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர்களுடைய பதிவேடுகளில் அமிலம் சிந்திய கறை இருந்தது. அக்கறையைக் கண்டு நமக்கு மகிழ்ச்சி உண்டாயிற்று. சுத்தமான பதிவேடு வீட்டில் உட்கார்ந்து பார்த்து எழுதியது.

அண்மை ஆண்டுகளில் புதிதாகத் தொடங்கப்பட்ட அரசினர் கல்லூரிகள் சில, சொந்தக் கட்டடம் எழும்வரை பள்ளிகளிலும் பிற இடங்களிலும் நடக்கின்றன. சரித்திரத்தை மரத்தடியிலும் கற்பிக்கலாம். இரசாயனத்தைக் கற்பிக்க முடியாது. ஆகவே புதுக் கல்லூரியில் விஞ்ஞானம் சேர்க்குமுன் ஆய்வுக்கூடம் தயாராகிவிட்டதா என்று விசாரியுங்கள். இல்லையேல் சற்றுத் தொலைவாயினும் பழைய கல்லூரியே மேல். மற்றொன்று, ஆசிரியர் இடங்கள் காலியாகிக் கிடப்பதும், கௌரவ விரிவுரையாளர்களைக் கொண்டு வகுப்புகள் நடத்தப்படுவதும் அரசினர் கல்லூரிகளின் நெடுநாள் குறை. கௌரவ விரிவுரையாளர்களில் நல்லாசிரியர் பலர் உண்டு. குறைந்த ஊதியத்தில், நாளை இருப்போமா என்ற நிச்சயமின்றி அவர்கள் உழைக்கிறார்கள். நாம் கவனிக்க வேண்டியது, துறையில் நிலையான ஆசிரியர் ஒருவராவது உண்டா என்பதையே. நாக் எனப்படும் தேசியத் தரமதிப்பீட்டுக் குழுவின் மதிப்பீட்டுக்குச் செல்லும் கல்லூரிகள், தம் ஆசிரியர், ஆய்வுக்கூடம், நூலகம் பற்றிய விவரங்களை அறிக்கையாக வெளியிடுகின்றன. பிள்ளையின் கைப்பேசியிலேயே அதைப் படித்துவிடலாம். பின்னர் ஒரு வேலை நாளில் நேரில் செல்லுங்கள். விளம்பரப் பலகையைப் பார்ப்பதைவிட, மூன்றாம் ஆண்டு மாணாக்கர் இருவரைத் தேநீர்க் கடையில் சந்தித்துப் பேசுவது அதிகம் பயன்தரும்.

இரசாயனம் கற்றவர்க்கு நம் தொழிலிலேயே இடமுண்டு என்பதை மறந்துவிடுகிறோம். 1994-இல் ஜெர்மனி, தீங்கு தரும் அமீன்களாகச் சிதையக்கூடிய சில அசோ சாயங்களைத் தடை செய்தது. 1997-இல் இந்தியாவும் தடை விதித்தது. அப்போது எந்தச் சாயம் ஆகும், எது ஆகாது என்று சொல்ல ஆளின்றி நம்மவர் திண்டாடினர். நொய்யல் கெட்டுப்போய், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணையால் திருப்பூர்ச் சாயச்சாலைகள் மூடப்பட்டதையும் அங்கத்தினர் மறந்திருக்கமாட்டார்கள். சாயக் கழிவு நீரைச் சோதிக்கவும் சுத்திகரிக்கவும் தெரிந்தவர் இன்றிச் சாயத் தொழில் இனி நடவாது. விவசாயிகளுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. தாவர இயல் படித்துவிட்டால் வேளாண்மை அதிகாரி ஆகிவிடலாம் என்று சிலர் எண்ணுகிறார்கள். அப்பதவிக்கு வேளாண்மைப் பட்டமே வேண்டும். தாவர இயலை அதன்பால் உள்ள ஆர்வத்திற்காகவே எடுக்க வேண்டும். ஆராய்ச்சிக்கும் ஆசிரியத் தொழிலுக்கும் அது வழி காட்டும்.

சரித்திரத்திற்கு வருவோம். அங்கத்தினர் கேட்ட கேள்விக்கு நாம் அளித்த விடை இது. சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலின் வடகரையில் கொடுமணல் என்னும் சிற்றூர் உள்ளது. தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1985 முதல் அங்கே அகழ்ந்தபோது மணிகள் செய்த தொழிற்கூடங்களும், இரும்பு உருக்கிய உலைகளும், பெயர் பொறித்த பானை ஓடுகளும், நூல் நூற்ற தக்களிகளும் வெளிப்பட்டன. கீழடியிலும் தக்களிகளும் நெசவுக்குப் பயன்பட்ட எலும்புக் கருவிகளும் கிடைத்திருக்கின்றன. புதுவைக்கு அருகே அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த செங்கல் தொட்டிகள் துணிக்குச் சாயம் தோய்த்தவை என்று கருதப்படுகின்றன. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் ‘தறியிறை’ என்று தறிக்கு விதித்த வரி காணப்படுகிறது. கைக்கோளரும் சாலியரும் கோயிலுக்கு அளித்த கொடைகள் காணப்படுகின்றன. இவற்றையெல்லாம் தொகுத்து விஜயா ராமசாமி என்னும் அறிஞர் இடைக்காலத் தென்னிந்திய நெசவாளர்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதி, அது 1985-இல் வெளியாயிற்று. எந்த ராஜா எந்த ஆண்டு செத்தான் என்பது சரித்திரத்தின் ஒரு மூலை. அந்த ராஜாவுக்கு வேட்டி நெய்தவன் எவ்வளவு வரி கட்டினான் என்பதும் சரித்திரமே. அங்கத்தினர் சற்று நேரம் பேசாதிருந்து, “அப்பவும் வரிதானுங்களா!” என்றார்.

சரித்திரத்தில் பட்டம் வாங்கிய மறுநாளே வேலை கதவைத் தட்டும் என்று நாம் சொல்லவில்லை. தட்டாது. ஆனால் அரசுப் பணித் தேர்வுகளுக்குச் சரித்திரமும் அரசியல் அமைப்பும் அடிப்படைப் பாடங்கள். மூன்று ஆண்டு முறையாகப் படித்தவர்க்கு அத்தேர்வுகள் புதியன அல்ல. தமிழ்வழியில் பயின்றோர்க்கு அரசின் நேரடி நியமனங்களில் 20 சதவீதம் முன்னுரிமை அளிக்கும் சட்டம் 2010-இல் இயற்றப்பட்டது. 2020-இல் வந்த திருத்தத்தின்படி பள்ளி தொடங்கி உரிய தகுதிப் படிப்பு வரை தமிழ்வழியிலேயே பயின்றிருக்க வேண்டும். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் வந்த பிள்ளையைக் கல்லூரியில் ஆங்கிலவழியில் சேர்க்கும் பெற்றோர், இந்த உரிமை கைவிட்டுப் போவதைத் தெரிந்துகொண்டே அவ்வாறு செய்ய வேண்டும். முதுகலைக்குப் பின் தொல்லியலில் பட்டயப் பயிற்சி உண்டு. ஆசிரியப் பணியும் உண்டு. மத்தியப் பல்கலைக்கழகங்களில் முதுகலை சேர விரும்புவோர் 2022 முதல் ‘கியூட்’ என்னும் பொது நுழைவுத் தேர்வு எழுதுகிறார்கள். அதற்கு ஆங்கிலம் வேண்டும். தமிழ்வழியில் படித்தாலும் ஆங்கிலத்தில் ஒரு சரித்திர நூலையாவது அகராதியுடன் உட்கார்ந்து படித்து முடிக்கும் பழக்கம் அவசியம்.

எப்போதும் அருகிலுள்ள சிறிய கல்லூரியே சிறந்தது என்று பிடிவாதம் பிடிப்பதும் தவறு. சென்னை மாநிலக் கல்லூரியும் அரசினர் கல்லூரிதான், சர் சி. வி. இராமன் 1904-இலும், சந்திரசேகர் 1930-இலும் பட்டம் பெற்ற இடம் அது. அங்கே பௌதிகத்தில் இடம் கிடைத்துத் தங்குவதற்கும் வசதி இருந்தால் தாராளமாக அனுப்பலாம். பூமி இயல் படிக்க விரும்பும் பிள்ளை, பக்கத்தில் அப்பாடம் இல்லையென்றால் அது உள்ள ஊருக்குத்தான் போக வேண்டும். அரசு உதவி பெறும் தனியார் கல்லூரிகளையும் ஒதுக்க வேண்டாம். 2018 முதல் 2022 வரை இஸ்ரோவின் தலைவராயிருந்த சிவன், குமரி மாவட்டத்து விவசாயி ஒருவரின் மகன். நாகர்கோவிலில் அத்தகைய கல்லூரி ஒன்றில் கணிதப் பட்டம் பெற்றே மேலே சென்றார். இன்னொன்றும் உண்டு. சில கல்லூரிகளில் காலை, மாலை என்று இரு சுழற்சி வகுப்புகள் நடக்கும். அரை நாள் பிள்ளை தறியில் உட்காரலாம், களை எடுக்கலாம் என்று நாம் மகிழ்கிறோம். முதல் பருவத்தில் அரை நாளாயிருப்பது மூன்றாம் பருவத்தில் முழு நாளாகிவிடுவதை நாம் கண்டிருக்கிறோம்.

சேரும் முறை எளிது. தேர்வு முடிவை ஒட்டி இணையவழியில் விண்ணப்பம் பெறப்படுகிறது. அண்மை ஆண்டுகளில் விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாயும் பதிவுக் கட்டணம் 2 ரூபாயுமாக இருந்தது. பட்டியல் இனத்தாரும் பழங்குடியினரும் பதிவுக் கட்டணம் மட்டும் செலுத்தினர். விண்ணப்பத்தில் ‘வரலாறு’, ‘இயற்பியல்’, ‘வேதியியல்’ என்றே பெயர்கள் காணப்படும். நம்மைப் போன்ற பழைய மனிதர்கள் சரித்திரத்தையும் பௌதிகத்தையும் தேடி ஏமாற வேண்டாம். கல்லூரிதோறும் தனித் தரப்பட்டியல் வெளியாகும். சரித்திரத்திற்கு மேல்நிலையில் எந்தப் பிரிவு படித்தவரும் வரலாம். கலந்தாய்வு நாளில் மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் மூன்றின் மூலங்களும் கையில் இருக்க வேண்டும். சாதிச் சான்றிதழுக்குக் கடைசி வாரத்தில் தாலுகா அலுவலகம் செல்வோர் இடத்தை இழக்கிறார்கள். மூலங்களைக் கொடுக்குமுன் நகல்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

போர்வை நெய்யும் அங்கத்தினரின் மகள் சரித்திரத்திலேயே சேர்ந்தாள். இப்போது இரண்டாம் ஆண்டு. சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை அவள் சங்க அலுவலகத்திற்கு வந்து, சங்கம் தொடங்கிய காலத்து நிர்வாகக் குழுக் கூட்டக் குறிப்புப் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டாள். வகுப்பில் ஒரு கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்களாம். குமாஸ்தா தேடிப் பார்த்து, நூல் சிட்டங்களுக்குப் பின்னாலிருந்த தகரப் பெட்டியைத் திறந்தார். முதல் பக்கங்களைக் கரையான் அரித்திருந்தது. எஞ்சிய பக்கங்களில் மையெழுத்து மங்கவில்லை. நூல் பங்கீடு, கூலித் தகராறு, வராத பாக்கி என்று அவள் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே போனாள். நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி, அங்கே கையொப்பமிட்டிருக்கும் பெயர் தன் தாத்தாவுடையதுதானா என்று தந்தைக்குக் கைப்பேசியில் கேட்டாள்.